வாடகை வீட்டுக்குச் சொரானி: பட்டியலா, ஒட்டுச்சீட்டா, வாக்கியமா?

வடக்கு ஈராக்கில் சுலைமானியாவுக்கோ எர்பிலுக்கோ வேலைக்குப் போகிறவருக்கு முதல் சில வாரங்களிலேயே தேவைப்படுவது, அங்கே பேசும் சொரானி என்ற குர்திஷில் வீடு பார்க்கும் மொழி. வணக்கமும் நன்றியும் தானாக வந்துவிடும். எத்தனை அறை, வாடகையில் ஜெனரேட்டர் மின்சாரம் சேருமா, குளிர்பெட்டி (ஃப்ரிட்ஜ்) ஓடுகிறதா என்பதையெல்லாம் வாயைத் திறந்து கேட்டால்தான் தெரியும். இதற்கான சொற்களைக் கற்க மூன்று வழிகள் உண்டு: அறைவாரியாகத் தொகுத்த படப் பட்டியல், வீட்டுப் பொருள்கள் மேல் பெயர்ச்சீட்டு ஒட்டுவது, ஏழெட்டு வாக்கியங்களை நிலையாக வைத்துக்கொண்டு அவற்றில் சொல்லை மட்டும் மாற்றிப் பழகுவது. குடியேறப் போகிறவருக்கு மூன்றாவதே சரியான தேர்வு. மற்ற இரண்டும் வீண் இல்லை, ஆனால் அவை வேறு ஆட்களுக்கு உரியவை.

எந்தக் குர்திஷ் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். சொரானி எனப்படும் மத்திய குர்திஷ் ஈராக்கில் சுலைமானியா, எர்பில், ஹலப்ஜா, கிர்குக் பகுதிகளிலும் ஈரானில் சனந்தஜ், மஹாபாத், சக்கெஸ், மரிவான் பக்கங்களிலும் பேசப்படுகிறது. ஈராக்கின் தூஹோக்கிலும் துருக்கியிலும் பேசுவது குர்மாஞ்சி. இணையத்தில் 'குர்திஷ்' என்று மட்டும் தலைப்பிட்ட அட்டைத் தொகுப்புகளில் கணிசமானவை குர்மாஞ்சி. மொழிக் குறியீடு சிகேபி என்று இருந்தால் சொரானி, கேஎம்ஆர் என்று இருந்தால் குர்மாஞ்சி. குறியீடே போடவில்லையென்றால் 'அறை' என்பதற்கு என்ன தந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 'ஓதெ' என்று இருந்தால் மூடிவிடலாம், அது குர்மாஞ்சி. கூகுள் மொழிபெயர்ப்பில் சொரானி 2022இல்தான் சேர்ந்தது. அங்கேயும் இரண்டு குர்திஷ் தனித்தனியாக இருப்பதால் தவறானதைத் தேர்ந்துவிடுவது எளிது.

இனி வரும் குர்திஷ் சொற்களுக்கு ஒரு குறிப்பு. சுலோகப் புத்தகங்களில் உள்ளதுபோல் 3 என்ற சிறு எண் போட்ட க³, த³, ப³ ஆகியவை மெல்லொலி. ஃக என்பது தொண்டையை உரசி வரும் காற்றொலி. ஃஸ என்பது ஆங்கில 'ஸீப்ரா'வின் முதல் ஒலி. ஃஜ என்பது 'ஷ'வைக் குரல் சேர்த்துச் சொன்னால் வருவது. சொல்லின் நடுவே வரும் க்க, வல்லினம் என்பதைக் காட்டத்தான்; அழுத்தி இரட்டிக்க வேண்டாம். குர்திஷின் குறில் 'எ' நம் எகரம் அல்ல. அகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவில் நிற்கும். இங்கே சொல்லின் இடையில் அகரமாகவும் கடைசியில் எகரமாகவும் எழுதியிருக்கிறோம்.

பட்டியல்

வீடு ஃகானூ, அறை ஃஜூர், கதவு த³ர்கா³, சன்னல் பஞ்ஜரெ, சுவர் தீ³வார், மொட்டைமாடி ஸர்பா³ன், முற்றம் ஹவ்ஷெ, சாவி கிலீல், திரை பர்தெ³, நாற்காலி குர்ஸீ, மேசை மேஃஸ், தலையணை ஸரீன், மெத்தை தோ³ஷக், போர்வை லேஃபெ. பட்டியலின் நன்மை வேகம். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் என்று வைத்தால் ஒரு வாரத்தில் வீடு முழுவதும் முடிந்துவிடும். நமக்குச் சில சொற்கள் பாதி தெரிந்தவையும்கூட. கதவுக்கான த³ர்கா³வும் நாகூரில் நாம் சொல்லும் தர்காவும் ஒரே பாரசீகச் சொல்லிலிருந்து வந்தவை. பர்தெ³ நம் பர்தா. குளியலறைக்கு ஹமாம் என்று சொல்லும்போது சோப்பு நினைவுக்கு வராமல் இருக்காது.

பட்டியலில் படித்தவர் தடுமாறுவது காதில். பட்டியலில் சொல் மொட்டையாக இருக்கும். பேச்சில் அப்படி அநேகமாக வராது. குர்திஷில் 'அந்தக் குறிப்பிட்ட' என்பது சொல்லின் வாலில் ஒட்டும், 'ஒரு' என்பதும் வாலில்தான் ஒட்டும். ஃஜூர், ஃஜூரக்கெ, ஃஜூரேக் என்பவை முறையே அறை, அந்த அறை, ஓர் அறை. உயிரொலியில் முடியும் சொல்லில் ஒட்டு மாறும்: த³ர்கா³, த³ர்கா³க்கெ, த³ர்கா³யக். ஊகாரத்தில் முடிந்தால் நடுவே வகரம் நுழையும்: ஃகானூ, ஃகானூவக்கெ, ஃகானூயக். வீட்டுத் தரகர் 'பஞ்ஜரக்கெ' என்று ஓடவிட்டால், பஞ்ஜரெயை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அது புதுச் சொல்லாகக் கேட்கும்.

இதற்கு மருந்து இருக்கிறது. ஆங்கி போன்ற அட்டைச் செயலியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஓர் அட்டைக்குப் பதில் மூன்று வடிவத்தையும் ஒரே அட்டையின் பின்பக்கம் போடுங்கள். முன்பக்கம் தமிழ்ச் சொல் வேண்டாம், படம் மட்டும் போதும். அந்தப் படம் ஈராக் குர்திஷ் வீட்டுப் படமாக இருப்பது நல்லது. குளிருக்கு நடுக்கூடத்தில் வைக்கும் மண்ணெண்ணெய் அடுப்புக்கு ஸோப்பா என்று பெயர். அதன் படத்தைப் பார்க்காமல் 'ஹீட்டர்' என்று எழுதிக்கொண்டால், சோபா என்று காதில் விழுந்து இருக்கையைத் தேடுவோம். இருக்கைக்கு அங்கே கனஃபெ.

ஒட்டுச்சீட்டு

கதவில் த³ர்கா³, சுவரில் தீ³வார் என்று ஒட்டிவைத்து, கடக்கும்போதெல்லாம் வாய்விட்டுச் சொல்வது. குர்திஷ் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்களுக்கும், வீட்டில் சிறுபிள்ளை இருப்பவர்களுக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. திருத்த ஆள் பக்கத்திலேயே இருக்கிறார். சென்னையிலோ கோவையிலோ இருந்துகொண்டு தனியாக ஒட்டுவதில் பயன் குறைவு. நம் வீட்டில் இருப்பதற்குத்தான் சீட்டு ஒட்ட முடியும். அங்கே உள்ள முற்றம், தாழ்வாரமான ஹைவான், நிலத்தடி அறையான ஃஜேர்ஃஸமீன், தொட்டியான தான்கீ ஆகியவற்றுக்கு இங்கே இடமில்லை. இன்னொன்று, நாலைந்து நாளில் கண் சீட்டைப் பார்ப்பதையே விட்டுவிடும். வாரம் ஒருமுறை இடம் மாற்றி ஒட்டி, தவறான இடத்தில் இருப்பதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் பயிற்சியாக்கினால் இன்னும் கொஞ்ச காலம் உழைக்கும்.

சீட்டில் வெறும் சொல்லை எழுதாமல் 'அமெ த³ர்கா³யெ' (இது கதவு) என்று முழு வாக்கியமாக எழுதுவது கூடுதல் பயன் தரும். மெய்யில் முடியும் சொல்லோடு கடைசியில் எகரம் மட்டும் சேரும், உயிரில் முடிந்தால் யெ சேரும். இந்த ஒரு திருத்தத்தோடு ஒட்டுச்சீட்டும் பாதி வாக்கியப் பயிற்சியாக மாறிவிடுகிறது.

வாக்கியம்

வீடு பார்க்கும் உரையாடல் எங்கும் குறுகியது. கீழே உள்ளவற்றைச் சரளமாக்கிக்கொண்டால் பெரும்பகுதி முடிந்துவிடும்.

ச்சன்த்³ ஃஜூரீ ஹயெ? எத்தனை அறை இருக்கிறது?
ஹவ்ஷெய் ஹயெ? முற்றம் உண்டா?
ஆவ்த³ஸ்தக்கெ லெ க்வேயெ? கழிப்பறை எங்கே?
கிரேக்கெய் மாங்கீ ச்சன்தெ³? மாத வாடகை எவ்வளவு?
ஃஸோர் கி³ரானெ. ரொம்ப விலை.
ஸலாஜக்கெ ஈஷ் நாக்கா. குளிர்பெட்டி வேலை செய்யவில்லை.
பஞ்ஜரக்கெ ஷிக்காவெ. சன்னல் உடைந்திருக்கிறது.
காரபா³ நீயெ. மின்சாரம் இல்லை.

ஒவ்வொன்றிலும் பெயர்ச்சொல் இருக்கும் இடத்தில் வேறு பத்தைப் போட்டுச் சொல்லிப் பழக வேண்டும். எட்டு வாக்கியம், பத்துச் சொல் என்றால் எண்பது சேர்க்கை. எல்லாம் பொருந்தாது, ஆனால் ஒட்டுகள் நாவில் படிவது இந்தச் சலிப்பூட்டும் வேலையில்தான். பட்டியலோடு ஒப்பிட்டால் முதல் வாரத்தில் சொல் எண்ணிக்கை பாதிதான் தேறும். மூன்றாவது வாரத்தில் நிலைமை தலைகீழ்: பட்டியல்காரருக்கு எழுபது சொல் தெரியும், கேள்வி கேட்க வராது, வாக்கியம் பழகியவர் ஐம்பது சொல்லோடு சாவியை வாங்கிவிடுவார்.

தமிழர்களுக்கு இந்த வழியை அழுத்திப் பரிந்துரைக்க இன்னொரு காரணம், சொல் வரிசை. நமக்கு அடைமொழி முன்னால்: படுக்கை அறை, பெரிய அறை, முற்றத்துக் கதவு. குர்திஷில் தலைச்சொல் முன்னால், பிறகு ஈகாரம், பிறகு அடை: ஃஜூரீ நூஸ்தின் (தூங்கும் அறை), ஃஜூரீ தா³னீஷ்தின் (உட்காரும் அறை), ஃஜூரீ மீவான் (விருந்தாளி அறை), த³ர்கா³ய் ஹவ்ஷெ (முற்றத்துக் கதவு). தனிச் சொற்களாகக் கற்றவர்கள் 'நூஸ்தின் ஃஜூர்' என்று தமிழ் வரிசையில் அடுக்கிவிடுகிறார்கள். புரியும், ஆனால் கேட்பவர் ஒரு நொடி நின்றுதான் புரிந்துகொள்வார். ஃகானெ என்று முடியும் தொடர்சொற்கள் மட்டும் நம் பக்கம். ச்சேஷ்த்ஃகானெ என்பது உணவு, இடம் என்று நம் வரிசையிலேயே அமைந்த சமையலறை. பன்மாடிக் கட்டடமான பா³ளஃகானெயும் அதே அச்சு.

ஈகாரத்தில் ஒரு பொறி உண்டு. 'ஃஜூரீ நூஸ்தின்' என்பதில் அது இணைப்பு. 'ச்சன்த்³ ஃஜூரீ ஹயெ' என்பதில் அது 'அதற்கு' என்ற பொருள் தரும் ஒட்டு. இரண்டும் காதுக்கு ஒன்றே. இதைப் பிரித்து அறியாதவர்கள் அறை என்ற சொல்லே 'ஃஜூரீ' என்று நினைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் அப்படியே சொல்வார்கள். எண்ணுக்குப் பின்னால் சொல் ஒருமையிலேயே நிற்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஸே ஃஜூர், மூன்று அறை. நம் பேச்சும் அப்படித்தான், ஆகையால் இதில் சிரமம் இல்லை. குறிப்பிட்ட பெரிய அறையைச் சொல்லும்போது மட்டும் இணைப்பு ஈகாரம் எகரமாகி, அக்கெ ஒட்டு கடைசிக்குப் போய்விடும்: ஃஜூரே என்று நீட்டாமல் 'ஃஜூரெ க³வ்ரக்கெ'.

வீடு என்பதற்கு இரண்டு சொல் இருப்பதும் வாக்கியத்தில்தான் பிடிபடும். விற்பதும் வாடகைக்கு விடுவதும் ஃகானூ. குடும்பம் வாழும் இல்லம் மாள். பலகையில் 'ஃகானூ போ³ கிரே' என்றால் வீடு வாடகைக்கு, 'போ³ ஃப்ரோஷ்தின்' என்றால் விற்பனைக்கு. 'லெ மாளவம்' என்றால் வீட்டில் இருக்கிறேன். வாசலில் நிற்கும் உங்களை 'ஃபர்மூ, வரெ ஃஜூரவெ' என்று அழைத்தால் உள்ளே வாருங்கள் என்று பொருள். எந்த அறைக்கு என்று கேட்கத் தேவையில்லை.

வாக்கிய வழியின் குறை, ஒலி கிடைப்பதுதான். பட்டியலுக்கு ஒலிப்பதிவு எளிதாகக் கிடைக்கும். இந்த எட்டு வாக்கியத்தை யாராவது பேசித் தர வேண்டும். இணையவழி ஆசிரியர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் எடுத்து, வாக்கியங்களை இயல்பான வேகத்தில் ஒருமுறையும் மெதுவாக ஒருமுறையும் சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொள்வது போதும். வகுப்பு வகுப்பாகக் கட்டணம் கட்டுவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

எந்த எழுத்தில் குறித்துக்கொள்வது

மூன்று தேர்வு: குர்திஷ் எழுத்து, லத்தீன், தமிழ். அரபு வடிவ எழுத்து என்றதும் பின்வாங்க வேண்டாம். அரபியிலும் பாரசீகத்திலும் குறில்களை ஊகித்துப் படிக்க வேண்டும். சொரானியில் ஏறக்குறைய எல்லா உயிரும் எழுத்திலேயே இருக்கும். விடுபடுவது குறில் இகரம் ஒன்றுதான். கிலீல் என்பதில் முதல் இகரத்துக்கு எழுத்து கிடையாது. ஒரே எழுத்து வகரத்துக்கும் உகரத்துக்கும், இன்னொன்று யகரத்துக்கும் ஈகாரத்துக்கும் வருவது சற்றுக் குழப்பும். ஊகாரத்துக்கு வகர எழுத்தை இரண்டு முறை போடுவார்கள். நாளுக்கு அரை மணி நேரம் வைத்தால் இரண்டு வாரத்தில் வாடகை விளம்பரத்தைத் திக்கித் திக்கிப் படிக்கலாம்.

லத்தீன் எழுத்து எளிது என்று தோன்றும், நமக்கு அதுதான் மோசம். குர்திஷ் லத்தீனில் ஜே எழுத்து ஃஜ ஒலிக்கு, சி எழுத்து ஜ ஒலிக்கு. ஆங்கிலப் பழக்கத்தில் படித்தால் அறை 'ஜூர்' ஆகும், சன்னல் 'பென்செரெ' ஆகும். ஆங்கில வழக்கில் இசட்-எச் என்று எழுதிய பட்டியலோ இன்னும் வேடிக்கை. அந்த இணையைக் கண்டதும் தமிழ்க் கண் ழகரமாகவே படிக்கும். 'ழூர்' என்று ஒரு சொல் குர்திஷில் இல்லை.

தமிழ் எழுத்தில் குறிப்பெடுப்பது முதல் பத்து நாளுக்கு நல்லது. ஏகார ஓகார நெடில் நம்மிடம் உண்டு. உருட்டும் ரகரத்தை றகரத்தாலும், கனத்த லகரத்தை ளகரத்தாலும் பிரித்துக் காட்ட முடியும்: தெரு கோளான், பேட்டை க³றக். ஆனால் ளகரம் இங்கே அடையாளம் மட்டுமே. நாக்கை மடிக்கக் கூடாது. நுனி பல்லுக்குப் பின்னால் இருக்க, நாக்கின் பின்பகுதி எழும்ப வேண்டும். பெரிய ஆபத்து நடுவில் வரும் ககரம்: நம் வாய் 'ஃஜூரக்கெ'யை 'ஃஜூரகெ³' ஆக்கிவிடும்.

தட்டச்சுக்கு வின்டோஸில் 'மத்திய குர்திஷ்' விசைப்பலகையையே சேர்த்துக்கொள்ளுங்கள். அரபு விசைப்பலகையில் அடித்தால் ககரமும் யகரமும் கண்ணுக்குக் கிட்டத்தட்ட அதே வடிவில் வரும், உள்ளே குறியீடு வேறு. வீட்டு விளம்பரத் தளத்தில் தேடினால் எதுவும் கிடைக்காது, காரணமும் புரியாது. எகரத்துக்கும் ஹகரத்துக்கும் இதே சிக்கல் உண்டு.

எந்த ஊர்ச் சொல்

அகராதி சமையலறைக்கு ச்சேஷ்த்ஃகானெ என்று தரும். ஈராக் பக்கம் பேச்சில் அரபிலிருந்து வந்த மத்ப³ஃக் தாராளம். ஈரான் பக்கம் போனால் ஆஷ்பஃஸ்ஃகானெ. குளிர்பெட்டி ஈராக்கில் ஸலாஜெ, ஈரானில் யஃக்சாள். அடுக்குமாடி வீடு ஈராக்கில் ஷுக்கெ, ஈரானில் ஆபார்த்மான். மாடிக்குப் புத்தகச் சொல் நிஹோம், வாயில் வருவது காத். படிக்கட்டு புத்தகத்தில் ப்லீக்கானெ, பேச்சில் காதி³ர்மெ. ஒப்பந்தம் எழுதும்போது கி³ரேப³ஸ்த், பேசும்போது பலருக்கு அரபிலிருந்து வந்த அக்த்³. பேசப் பேச்சுச் சொல்லும், படிக்கப் புத்தகச் சொல்லும் என்று இரண்டையும் வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. ஆனால் சமமாக வேண்டாம்: பேச்சுச் சொல்லை வாயில் வரும்வரை பழகுங்கள், புத்தகச் சொல்லைக் கண்டால் தெரிந்தால் போதும்.

உச்சரிப்புக்குச் சுலைமானியாவை அடிப்படையாக எடுப்பது நல்லது. அச்சிலும் ஒலிபரப்பிலும் அதன் சாயல்தான் அதிகம். எர்பிலில் கனத்த லகரம் ரகரமாகும், மாள் என்பது மார் ஆகும். 'போ³ கிரே' என்பதை 'லோ கிரே' என்பார்கள். வினைச்சொல் முன்னொட்டு சுலைமானியாவில் அகரமாக நிற்க, எர்பிலிலும் மஹாபாத்திலும் த³கரம் சேரும்: அக்கா, த³க்கா. எதிர்மறையில் மூன்று ஊரிலும் 'நா'தான் தொடக்கம். 'ஈஷ் நாக்கா'வை முதலில் கற்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம், பழுது சொல்லவே அதிகம் தேவைப்படும் என்பது இன்னொன்று.

எந்தப் பட்டியலிலும் வராத சில சொற்கள் தரகர் கடையில் வரும். வரகெ என்றால் தாள் மட்டுமல்ல, 100 டாலர். த³ஃப்தர் என்றால் 10,000 டாலர். 'ஸே வரகெ' என்று வாடகை சொன்னால் 300 டாலர் கேட்கிறார். வீட்டின் அளவை மனைப் பரப்பில் சொல்வார்கள், தூ³ ஸத்³ மத்ரீ என்றால் 200 சதுர மீட்டர். எர்பிலின் சுற்றுச் சாலைகளும் அகலத்தை வைத்தே பெயர் பெற்றவை, 60 மீட்டர், 100 மீட்டர் என்று. ஆகவே மத்ரீ காதில் விழுந்ததும் வீட்டின் அளவா முகவரியா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அரசு மின்சாரம் வதனீ, தெரு ஜெனரேட்டர் முவலீதெ³, அதன் கட்டணம் ஆம்பியர் கணக்கு. 2024இல் தொடங்கிய ரூனாக்கி திட்டம் 24 மணி நேர மின்சாரம் தந்து ஜெனரேட்டர்களைப் பகுதி பகுதியாக நிறுத்தி வருகிறது. பார்க்கும் வீடு இருக்கும் பேட்டைக்கு அது வந்துவிட்டதா என்று கேளுங்கள், மாதச் செலவு அதைப் பொறுத்து மாறும். வீட்டுக்காரர் ஃகாவன் மாள், குடியிருப்பவர் கிரேச்சீ, அண்டை வீட்டார் த³ராவ்ஸே, முன்பணம் பேஷக்கீ. ஈரானில் வைப்புத்தொகைக்கு ரஹ்ன் என்பார்கள்.

மூன்று வாரம் இருந்தால் இப்படிப் பிரிக்கலாம். முதல் வாரம் எட்டு வாக்கியமும் இருபது பெயர்ச்சொல்லும் தமிழ்க் குறிப்போடு, நாளும் இருபது நிமிடம் பதிவைக் கேட்டு உடன் சொல்வது. அதே வாரத்தில் எழுத்தைத் தொடங்கிவிடுவது. இரண்டாவது வாரம் புதுச் சொல் நாளுக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம், ஆனால் தமிழ்க் குறிப்பை மறைத்துவிட்டுக் குர்திஷ் எழுத்திலேயே அட்டை. மூன்றாவது வாரம் எண்களும் பணச் சொற்களும், நாளுக்கு இரண்டு உண்மையான வாடகை விளம்பரமும் படிப்பது. ஒரு வாரம்தான் கையில் இருக்கிறதென்றால் எழுத்தை விட்டுவிட்டு வாக்கியத்தையும் எண்களையும் மட்டும் எடுங்கள். ஒப்பந்தத்தை எப்படியும் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்திடப் போவதில்லை.